அம்மாவின் கதையில் இடியப்பமும் இருக்கட்டும்

கேள்வி: இலங்கையின் கிழக்கில், தம்பிலுவிலில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 39 வயது. எங்கள் அம்மா போன வருடம் வைகாசியில், 70 வயதில், நித்திரையிலேயே காலமானார். அப்பாவை 1990இல் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அப்போது அக்காவுக்கு 13, அண்ணாவுக்கு 11, எனக்கு 4. அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் எங்களை ஆளாக்கினார். அக்கா கனடாவில். செத்த வீட்டுக்கு வர முடியாமல் போனில்தான் பார்த்தார். ஓராண்டுத் திவசத்துக்குப் பெரிதாக ஒரு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்று நிற்கிறார். வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு எனக்கு. ஆனால் இடியப்பம் விற்றதை எழுதாதே, அப்பாவை ‘அமரர்’ என்று போட்டுவிடு என்கிறார். அண்ணா ஒன்றும் சொல்வதில்லை. பழைய படங்கள் எல்லாம் சுனாமியோடு போய்விட்டன. எழுத உட்கார்ந்தால் பிறந்த திகதி, கலியாணத் திகதிக்கு மேல் கை ஓடுவதில்லை, அழுகைதான் வருகிறது. என் ஒன்பது வயது மகள் எப்போதும் அம்மம்மாவோடுதான் படுப்பாள். அன்றைக்கும் அப்படித்தான். இப்போது அம்மம்மாவின் பேச்சை எடுத்தாலே எழும்பிப் போய்விடுகிறாள். இரவில் அவருடைய சீலையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறாள். செத்தவரின் உடுப்பைப் பிள்ளைக்குக் கொடுக்காதே என்று மாமி ஏசுகிறார். நான் என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மலரைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் மகளிடமிருந்து தொடங்குகிறேன். “அன்றைக்கும் அப்படித்தான்” என்று இரண்டே சொல்லில் நீங்கள் கடந்துபோன இடத்திலேதான் அந்தப் பிள்ளை இன்னும் நிற்கிறாள் என்று நினைக்கிறேன்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? “நித்திரையிலேயே போயிட்டா, குடுத்து வைச்சவ.” பெரியவர்களுக்கு அது ஆறுதல். பக்கத்தில் படுத்திருந்த சின்னப் பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழும். நித்திரை கொண்டால் ஆள் செத்துப்போகலாம். நான் முழித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். இரவில் நான் மேலே கால் போட்டதால்தானோ? ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்று நன்றாகவே தெரியும். ஆனால் தான் செய்த ஏதோ ஒன்றால்தான் அது நடந்தது என்ற பயம் அந்த வயதிலும் விட்டுப்போவதில்லை. அந்தப் பயம் இருக்கிற பிள்ளை வாய் திறந்து கேட்காது. பேச்சு வந்தால் எழும்பிப் போய்விடும். உங்கள் மகள் செய்வது அதுவாக இருக்கலாம்.

ஆகவே அவள் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே சொல்லுங்கள். வேலை எதுவும் அவசரமில்லாத ஒரு பின்னேரம், முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்றில்லை, தலை பின்னிவிடும்போது சொன்னாலும் போதும். “அம்மம்மாட நெஞ்சு வேலை செய்யாம நிண்டு போச்சு. அது அவட வருத்தம். நீ அசைஞ்சதாலயும் இல்ல, நீ எழும்பாததாலயும் இல்ல. நான் பக்கத்தில படுத்திருந்தாலும் எனக்கும் தெரிஞ்சிருக்காது.” இதில் பொய் எதுவும் இல்லை. நித்திரையில் இதயம் நின்றால் அருகில் படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியவராது. சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டார், தூங்குகிறார் போன்ற பேச்சை அவளிடம் இனி எடுக்க வேண்டாம். செத்துப்போனார் என்றே சொல்லுங்கள். அவள் மறுமொழி சொல்லாமல் இருக்கலாம், விளையாடப் போகலாம். போகட்டும். சொன்னது உள்ளே போயிருக்கும். சில நாள் கழித்து, நீங்கள் எதிர்பாராத நேரத்தில், ஒரு கேள்வியோடு வருவாள்.

சீலையைப் பற்றி மாமி சொல்வதில் அக்கறை இருக்கிறது, அவரோடு சண்டை வேண்டாம். ஆனால் சீலை பிள்ளையிடமே இருக்கட்டும். தாயையோ தகப்பனையோ இழந்த 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்து, பிலிஸ் சில்வர்மன், வில்லியம் வோர்டன் ஆகியோர் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று எங்கள் உளவளத்துணைத் துறையில் நன்கு தெரிந்தது. பெரும்பாலான பிள்ளைகள் இறந்தவரை ஏதோ ஒரு வகையில் தங்களோடு வைத்திருந்தார்கள். கனவில் கண்டார்கள், மனதுக்குள் பேசினார்கள், அவர்களுடைய ஒரு பொருளை விடாமல் வைத்திருந்தார்கள். அதற்கு முன் பல காலம், துக்கம் ஆற வேண்டுமென்றால் செத்தவரை விட்டுவிட வேண்டும் என்றே எங்கள் துறையில் பலரும் சொல்லிவந்தார்கள். அந்த எண்ணம் மாறியதற்கு இப்படிப்பட்ட பிள்ளைகளும் ஒரு காரணம். சீலையைத் தோய்த்தால் வாசம் போய்விடும் என்று அவள் அழுதால், கொஞ்ச நாள் தோய்க்காமலே விடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நித்திரைக்குப் போகப் பயந்து அழுவது, திரும்பவும் பாயில் சலம் போவது, காரணமில்லாத வயிற்று வலி, பள்ளிக்கூடம் போக மறுப்பது, ‘நானும் அம்மம்மாவிட்டப் போகோணும்’ என்பது போன்ற பேச்சு. இவை இருந்தால் வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர் இருப்பார். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம். கடைசியாகச் சொன்ன பேச்சு வந்தால் அன்றைக்கே போங்கள்.

சரி, மலருக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து நினைவு மலர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் பிள்ளையார் படம், தேவாரம், திதி வெண்பா. அப்புறம் வாழ்க்கை வரலாறு. பிறகு மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், நன்றி நவிலல். தேவாரமும் வெண்பாவும் இருக்கட்டும், அவை எல்லோருக்கும் பொதுவானவை, பொதுவாக இருப்பதுதான் அவற்றின் அழகு. மனம் நோவது வரலாற்றுப் பக்கத்தைப் படிக்கும்போதுதான். “இன்முகத்தோடு விருந்தோம்பி, கணவனே கண்கண்ட தெய்வமென வாழ்ந்து” என்று அச்சடித்த பக்கத்தில் பெயரை மாற்றிவிட்டால் அது வேறு யாருடைய தாய்க்கும் பொருந்தும். உங்கள் கை திகதியோடு நின்றுபோவதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அந்த மாதிரிப் பொய்யை எழுத உங்கள் கை மறுக்கிறது.

அம்மாவின் வாழ்க்கையின் நடுவே இருந்தது இடியப்பம். அதை எடுத்துவிட்டால் 1990க்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று எழுத ஒன்றும் மிஞ்சாது. அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள். எத்தனை மணிக்கு எழும்பினார்? சிவப்பரிசி மாவை வறுத்தாரா, கோதுமை மாவை அவித்து அரித்தாரா? மா விலை கூடின காலத்தில் என்ன செய்தார்? கொதிநீர் விட்டுக் குழைத்த மாவை உரலில் போட்டுப் பிழிவதற்குத் தோளில் பலம் வேண்டும். மழைக்காலத்தில் ஈர விறகோடு அடுப்பு மூட்டுவது அதைவிடக் கஷ்டம். ஊரடங்கு போட்ட நாட்களில் அவித்ததை எல்லாம் யார் சாப்பிட்டது? கடைக்காரர் காசு தராமல் இழுத்தடித்தால் அம்மா எப்படிக் கேட்டார்? இந்தக் கேள்விகளுக்கு மறுமொழி கிடைத்தால் உங்கள் பக்கம் தானாக நிறையும். அந்த ஆண்டுகளில் கிழக்கு முழுவதும் இடியப்பம் அவித்தும், பன்பாய் இழைத்தும், நெல் அவித்துக் குற்றியும், வயலில் கூலிக்கு நின்றும் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருடைய கதையைப் பிள்ளைகளே மறைத்துவிட்டார்கள். உங்கள் அம்மாவுக்கு அது நடக்கக் கூடாது என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

அக்கா ஏன் மறைக்கச் சொல்கிறார்? அவரோடு வாதாடுவதற்கு முன் இதை யோசியுங்கள். 1990இல் உங்களுக்கு நான்கு வயது. இடியப்பம் என்றால் உங்களுக்கு அம்மாவின் வாசம், சூடான முதல் தட்டு. அக்காவுக்கு 13 வயது. வகுப்பில் யாராவது பட்டம் வைத்துக் கூப்பிட்டிருக்கலாம். கூட்டாளியின் வீட்டுக் கடைக்கே பெட்டி போயிருக்கலாம். அவர் வெட்கப்பட்டது உண்மையாக இருந்தால், அந்த வெட்கத்துக்காக இன்று தனக்குள் வருந்தவும் கூடும். இன்னொன்றும் இருக்கலாம். எங்கள் பக்கம் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியில் வருவது போல வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும், பெரும்பாலும் மூத்தவருக்கு. அவர் கனடாவுக்குப் போனதால் அந்த வீட்டில் இன்று நீங்கள் இருக்கிறீர்கள் என்றால், அம்மாவின் கடைசி ஆண்டுகளும் உங்களுக்கே கிடைத்திருக்கின்றன. அக்காவுக்குக் கிடைத்தது போன் திரை. பெரிய மலர் வேண்டும் என்று அவர் நிற்பதில் அந்த ஏக்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

எனவே அவரிடம் அனுமதி கேட்காதீர்கள், கதை கேளுங்கள். “அக்கா, அந்த வருசம் விடிய அம்மா என்ன செய்வா, எனக்கு ஞாபகம் இல்ல, நீதான் சொல்லோணும்.” எழுத வேண்டாம், வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். பேசத் தொடங்கினால் அழுவார். அழட்டும். தான் சொன்ன கதை மலரில் தன் பெயரோடு வருகிறது என்று தெரிந்தால் இடியப்பத்தைப் பற்றிய மறுப்பு பெரும்பாலும் தளர்ந்துவிடும். அம்மா அவருக்கு எழுதிய பழைய கடிதங்கள் கனடாவில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். இருந்தால் ஒன்றை அம்மாவின் கையெழுத்தோடு அப்படியே போடுங்கள், எழுத்துப்பிழையைத் திருத்தாமல்.

ஊரில் நீங்கள் முதலில் போக வேண்டியது அம்மாவைவிட மூத்தவர்களிடம். பெரியம்மா, மாமா, பக்கத்து வளவு ஆச்சி, யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களிடம். மலர் வேலை பின்னுக்குப் போனாலும் இது பிந்தக் கூடாது. “அம்மா எப்பிடிப்பட்டவ?” என்று கேட்டால் “தங்கமான மனுசி” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கோபம் வந்தால் என்ன சொல்லி ஏசுவார், யாரோடு பேசாமல் இருந்தார், சின்ன வயதில் எதற்கு அடி வாங்கினார், கலியாணத்துக்கு முன் என்னவாக ஆசைப்பட்டார் என்று கேளுங்கள். 1978 நவம்பர் 23 இரவு, சூறாவளி அடித்தபோது அவர் கையில் அக்கா குழந்தையாக இருந்திருப்பார். அந்த இரவை எங்கே, எந்தக் கூரைக்குக் கீழே கழித்தார்கள்? எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர் யாரிடம் கேட்டாலும் அந்த இரவுக்கு ஒரு கதை இருக்கும். போனில் பதிவு செய்யுங்கள், எழுதிக்கொண்டிருந்தால் கண்ணைப் பார்க்க முடியாது.

அம்மாவின் குறையையும் இரண்டு வரி எழுதலாமா என்று தயங்குவீர்கள். எழுதுங்கள். தனியாக நின்று மூன்று பிள்ளைகளை வளர்த்தவருக்கு வாய் கொஞ்சம் காரமாக இருந்திருக்கும், யாரையாவது ஒருவரை வீட்டுப் படி ஏறவிடாமல் வைத்திருந்திருப்பார். அதைச் சொன்னால் அவருடைய மரியாதை குறையாது, படிப்பவர்களுக்கு “ஓம், அவதான்” என்று ஆளைக் கண்டமாதிரி இருக்கும். அவர் அடிக்கடி சொன்ன வார்த்தையை அவர் சொன்ன மாதிரியே போடுங்கள். ‘மறுகா பாப்பம்’ என்பவராக இருந்தால் அது ‘பிறகு பார்க்கலாம்’ ஆகிவிட வேண்டாம்.

படம் இல்லையே என்ற கவலையில், படம் மற்றவர்கள் வீட்டில் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறோம். 2004 டிசம்பர் 26இல் உங்கள் அலுமாரி போனது, கடலுக்குத் தூரத்தில் இருந்த சொந்தக்காரர்களின் கலியாண அல்பங்கள் போகவில்லை. அவற்றில் ஓரத்தில் நிற்பவர்களைத் தேடுங்கள். அடையாள அட்டைப் படத்தையும் பெரிதாக்கலாம். வீட்டு உறுதிப் பத்திரம் உங்களிடம் இருந்தால் ஒருமுறை ஆறுதலாகப் படியுங்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த வளவு என்றால், அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று பெண்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கக்கூடும். மலர்களில் வழமையாக வருகிற வம்சாவளியில் இந்தப் பெண்கள் பலர் ‘இன்னாரின் மனைவி’யாக ஒதுங்கிவிடுகிறார்கள். உங்கள் மலரில் அவர்கள் முழுப் பெயரோடு வரட்டும்.

மகளுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள். யாரோ புலவர் எழுதிய பேரப்பிள்ளைகள் புலம்பலுக்குக் கீழே அவள் பெயரைப் போடுவது வேண்டாம். அவளே ஒரு படம் கீறட்டும், அல்லது அம்மம்மா தனக்குச் செய்து கொடுத்ததைப் பற்றி நாலு வரி எழுதட்டும். மாட்டேன் என்றால் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டு, அது அவளுடையது என்று மட்டும் சொல்லிவையுங்கள். முதலில் நான் சொன்ன பேச்சு நடந்து கொஞ்ச நாள் போன பிறகுதான் இதைக் கேட்க வேண்டும்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அழுகை வருகிறது என்று. அம்மா படுத்த இடம், அவர் உரல், அவர் அடுப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் நீங்கள் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, அக்காவின் போனுக்கும் மறுமொழி சொல்கிறீர்கள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் சொன்ன ஒன்று எனக்கு நாளாந்த வேலையில் உதவுகிறது. துக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் இழப்புக்குள் போவார், கொஞ்ச நேரம் அதை விட்டு வெளியே வந்து வாழ்க்கை வேலைகளைப் பார்ப்பார், இப்படிப் போய்வருவதுதான் இயல்பு. எந்நேரமும் அழுதுகொண்டிருக்கவும் வேண்டாம், எந்நேரமும் தைரியமாக இருக்கவும் வேண்டாம். மலர் எழுதுவதற்கு ஒரு நேரம் வையுங்கள், பின்னேரம் ஒரு மணித்தியாலம் போல. நேரம் முடிந்ததும் கொப்பியை மூடிவிட்டு வெளியே போங்கள், யாரோடாவது கதையுங்கள். இரவில் படுக்கப் போகுமுன் எழுத வேண்டாம். வைகாசி என்றால் கிழக்கில் கண்ணகி அம்மன் சடங்குக் காலம். பறைச் சத்தமும் குளிர்த்திப் பாட்டும் கேட்கிற நாட்களில், போன வருடம் அந்த நேரம் என்ன நடந்தது என்பது நீங்கள் நினைக்காமலே உடம்பில் வந்து நிற்கும். நித்திரை குழம்பும், நெஞ்சு அடைக்கும். திவசத்துக்கு முன்னான கிழமைகளில் இது கூடினால் பயப்பட வேண்டாம், வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆண்டு கடந்தும் நாள் முழுக்க அதே நினைப்பாக, வீட்டு வேலையும் செய்ய முடியாமல் இருந்தால் உங்களுக்காகவும் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

நினைவுகூர மலர் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. தாய் இல்லாதவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு விரதம் இருந்து, கோயிலில் கஞ்சி வார்ப்பது எங்களிடம் இருக்கிற வழக்கம். இனி வரும் ஆண்டுகளில் மகளையும் கூட்டிக்கொண்டு போய் அவள் கையாலும் ஒரு அகப்பை ஊற்ற விடுங்கள். அச்சடித்த மலர் அலுமாரிக்குள் போய்விடும். இது ஒவ்வொரு வருடமும் வரும்.

கடைசியாக அப்பா. நீங்கள் எழுதாத இரண்டு விசயத்தில்தான் இதற்கு விடை இருக்கிறது. அம்மா கடைசிவரை பொட்டு வைத்தாரா? அப்பாவுக்கு எப்போதாவது திவசம் கொடுத்தாரா? பொட்டை அழிக்காமல், திவசம் கொடுக்காமல் அவர் காலம் முழுக்கக் காத்திருந்திருந்தால், அவருடைய மலரிலேயே அப்பாவை ‘அமரர்’ ஆக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பது என் எண்ணம். அவர் ஏதோ ஒரு கட்டத்தில் ஏற்றுக்கொண்டு கிரியை செய்திருந்தால் அக்கா சொல்வது போல் போடலாம். அரச காகிதத்திலேயே இதற்கு இடம் வந்திருக்கிறது. மரணச் சான்றிதழை ஏற்க மனமில்லாத குடும்பங்களுக்கு, ஆள் காணாமல் இருக்கிறார் என்றே சான்று கொடுக்கும் ஏற்பாட்டை, மரணங்களைப் பதியும் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்தது. மலரில் “அவர்களின் அன்பு மனைவியும்” என்று அப்பாவின் பெயருக்கு முன் எந்த அடைமொழியும் இல்லாமல் போட்டால் பிழையே இல்லை. வரலாற்றில் “1990இல் கூட்டிச் செல்லப்பட்ட கணவர் இன்றுவரை வீடு திரும்பவில்லை” என்று ஒரு வசனம் எழுதினால் போதும். யார், எப்படி என்று விவரிக்க வேண்டுமா என்பதைக் குடும்பமாக முடிவு செய்யுங்கள், உங்கள் நிம்மதியும் பாதுகாப்பும் முக்கியம்.

அந்த வசனத்தை அச்சகத்துக்குக் கொடுக்குமுன் அண்ணாவிடம் காட்டுங்கள். 11 வயதில் அவர் அதைப் பார்த்திருக்கக்கூடும், உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு விடியக்காலையில் சைக்கிளில் இடியப்பப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனதும் அவராகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். எழுதச் சொல்லிக் கேட்க வேண்டாம். எந்தெந்தக் கடைக்குப் போனார் என்று மட்டும் கேளுங்கள், அதை அவர் சொல்வார்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்